கையடக்க விஎன்ஏ: தோட்டத்து ஊரில் இருந்துகொண்டு வாங்கவும் அளக்கவும் கோளாறு பார்க்கவும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் நானோவிஎன்ஏ (ஆண்டெனாவையும் கேபிளையும் அளக்கும் கையடக்கக் கருவி; விஎன்ஏ என்றால் வெக்டர் நெட்வொர்க் அனலைசர்) வாங்கியவனுக்குச் சந்தேகம் வந்தால் கேட்பதற்குப் பக்கத்தில் ஆள் கிடையாது. டிவி ரிப்பேர் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்னா தம்பி, கேம் விளையாடுறதா?" என்று கேட்பார். வீடியோக்களைப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஒரு மெனு, ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஃபெர்ம்வேர், அதாவது கருவிக்குள் ஓடும் மென்பொருள். நான் தட்டுத்தடுமாறிக் கற்றதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். அமெச்சூர் ரேடியோவின் 40 மீட்டர் அலைவரிசைக்கு டைபோல் என்ற கம்பி ஆண்டெனா கட்டுகிறவர், 2 மீட்டர் அலைவரிசைக்குச் செம்புக் குழாயில் ஆண்டெனா செய்கிறவர், பழைய கேபிளைத் தூக்கிப் போடலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர், மூன்று பேருக்கும் இது உதவும்.

தொடங்கும் முன் ஒரே ஒரு விஷயம். இந்தக் கருவி காட்டும் எண் எப்போதும் ஏதோ ஓர் இடத்துக்கு உரியது. கருவியின் வாயில் எடுத்த எண்ணா, ஒட்டுக் கேபிளின் நுனியில் எடுத்ததா, இருபது மீட்டர் கேபிளுக்கு அப்பால் உள்ள ஆண்டெனாவினுடையதா? இது தெரியாமல் திரையை மட்டும் பார்த்துக் கம்பியை வெட்டினால் கம்பிதான் குட்டையாகும். கீழே உள்ள படிகளில் பாதி இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

1. எதை வாங்குவது, எந்த முகவரிக்கு வரவழைப்பது

வெயிலில் நின்று அளக்கப் போகிறீர்கள் என்றால் 4 அங்குலத் திரை உள்ள நானோவிஎன்ஏ எச்4 மாடல். வீட்டு மேசையில் மட்டும் வேலை என்றால் 2.8 அங்குல எச் போதும். இரண்டும் 1.5 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் என்று போட்டிருப்பார்கள். போகும்தான், ஆனால் உள்ளே இருக்கும் சிப் நேராகக் கொடுப்பது 300 மெகாஹெர்ட்ஸ் வரைதான். அதற்கு மேலே ஹார்மோனிக்கை, அதாவது அதே சிக்னலின் மடங்கு அதிர்வெண்களை, வைத்து ஒப்பேற்றுகிறது. அதனால் 300ஐத் தாண்டியதும் கோடு கொஞ்சம் நடுங்க ஆரம்பிக்கும். எச்எஃப் (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ்), 2 மீட்டர், 70 சென்டிமீட்டர் அலைவரிசைகளுக்கு இது ஒரு குறையே இல்லை. வைஃபை ஆண்டெனா பார்க்க நினைப்பவர், இன்னும் மேலே அளக்கும் லைட்விஎன்ஏ என்ற கருவியின் பக்கம் போங்கள்.

நான் பார்த்த காலத்தில் ஷோப்பி, லஸாடா என்ற இணையக் கடைகளில் எச் 150 முதல் 250 வெள்ளி (ரிங்கிட்), எச்4 250 முதல் 400 வெள்ளி. வெளிநாட்டு விற்பனையாளரிடமிருந்து 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளை இணையத்தில் வாங்கினால் 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. விலையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடாமல், செக்அவுட்டில் வரும் மொத்தத்தைப் பாருங்கள். ரொம்ப மலிவாக வருவதில் போர்டின் மேல் இருக்க வேண்டிய தகரக் கவசமே இல்லாத நகல்கள் உண்டு. பொருள் விவரத்தில் போர்டின் படம் இல்லாவிட்டால் விற்பனையாளரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். அனுப்ப மறுத்தால் அடுத்த கடை.

முகவரி விஷயத்தில் தோட்டத்தில் இருப்பவர்கள் கவனம். லயத்து வீட்டுக்கு எண் இருக்கும், ஆனால் அது கூரியர்காரரின் வரைபடத்தில் இருக்காது. பார்சல் தோட்ட ஆபீசுக்குப் போய்க் கிராணியின் (ஆபீஸ் எழுத்தரின்) மேசைக்கு அடியில் கிடக்கும், இல்லாவிட்டால் "ஆளில்லை" என்று எழுதித் திரும்பிப் போகும். டவுனில் தெரிந்த கடையின் முகவரியையோ பார்சல் எடுக்கும் மையத்தையோ கொடுத்துவிடுங்கள். சீனாவிலிருந்து வர இரண்டு வாரம் வரை ஆகலாம். உள்நாட்டுக் கையிருப்பு என்றால் சில நாள்.

2. கூடவே வாங்க வேண்டியவை

கருவியின் இரண்டு வாய்களும் எஸ்எம்ஏ என்ற சிறு திருகு இணைப்பியின் பெண் வகை. பெட்டிக்குள் ஓப்பன் (திறந்தது), ஷார்ட் (குறுக்கிணைத்தது), லோட் (50 ஓம் மின்தடை) என்று மூன்று சிறு மூடிகளும் இரண்டு ஒட்டுக் கேபிள்களும் வரும். எல்லாமே எஸ்எம்ஏ ஆண். கேபிள் நுனியும் ஆண், மூடியும் ஆண் என்றால் ஜோடி சேராது. அதற்குத்தான் இருபக்கமும் பெண் உள்ள ஒரு குட்டி இணைப்பி பெட்டியில் கிடக்கும். அரிசி மூட்டையில் விழுந்த மோதிரம் மாதிரி அது தொலையும், எனவே வந்த அன்றே இன்னும் இரண்டு வாங்கி வையுங்கள்.

ரேடியோ கேபிளின் முனையில் பிஎல்-259 என்ற கனெக்டர் இருந்தால் எஸ்எம்ஏ ஆண் ஒரு பக்கம், பிஎல்-259க்கு ஜோடியான எஸ்ஓ-239 மறுபக்கம் உள்ள அடாப்டர் வேண்டும். 'N' வகைக் கனெக்டர் என்றால் எஸ்எம்ஏ ஆணும் 'N' வகைப் பெண்ணும். பாவ்ஃபெங் மாதிரிக் கைக்கருவியின் ரப்பர் ஆண்டெனாவை மாட்டிப் பார்க்க இருபக்கமும் ஆண் உள்ளது ஒன்று. இவை ஒவ்வொன்றும் பத்து வெள்ளி சொச்சத்துக்குள் முடியும். இதோடு 100 ஓம் மின்தடைகள் ஒரு கைப்பிடி, மல்டிமீட்டர் ஒன்று. ஊரில் கிடைக்காவிட்டால் கோலாலம்பூர் போகிறவரிடம் சொல்லி ஜாலான் பாசார் கடைகளில் வாங்கிவரச் சொல்லுங்கள்.

எஸ்எம்ஏயை மாட்டும்போது வெளி நட்டை மட்டும் திருக வேண்டும். அடாப்டரின் உடம்பைத் திருகினால் நடு ஊசி உள்ளே அரைபட்டுத் தேயும். இந்தக் கருவிகள் சாவதற்கு இதுவும் ஒரு காரணம். கருவியின் வாயில் ஒரு குட்டி ஒட்டுக் கேபிளை நிரந்தரமாக மாட்டிவிட்டு, அதன் நுனியில் மட்டும் மாற்றி மாற்றிப் பொருத்துங்கள். தேய்ந்தால் கேபிள்தான் போகும், கருவி பிழைக்கும்.

3. பெட்டியைப் பிரிக்கும் அன்று

கைப்பேசியை எதிரில் சாய்த்து வைத்து, ஒட்டுநாடாவை அறுப்பதிலிருந்து திரை எரிவது வரை ஒரே வீடியோவாக எடுத்துவிடுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்கும் நிலை வந்தால் இதுதான் சாட்சி. "ஆர்டர் பெற்றுக்கொண்டேன்" பட்டனை அவசரப்பட்டு அழுத்த வேண்டாம். அடுத்த இரண்டு படிகளையும் முடித்த பிறகு அழுத்துங்கள்.

சில பதிப்புகள் இருபக்கமும் சி வகை உள்ள கேபிளில் சார்ஜ் ஏறாது. கருவி செத்துவிட்டது என்று நினைக்கும் முன் பழைய யூஎஸ்பி ஏ முனை உள்ள கேபிளால் முயன்று பாருங்கள்.

திரையில் ஒன்றைத் தொட்டால் வேறொன்று திறக்கிறதா? மேலே இருக்கும் உருளைப் பட்டனால் நகர்ந்து கான்ஃபிக், அதற்குள் டச் கேல். இரண்டு மூலைகளைத் தொடச் சொல்லும். நகத்தால் அல்லது பிளாஸ்டிக் குச்சியால் தொடுங்கள். முடிந்ததும் அதே கான்ஃபிக்கில் சேவ். இந்த சேவை விட்டுவிட்டு, மறுநாள் மறுபடியும் திரை கோணலாகிவிட்டது என்று புலம்புகிறவர்கள் ஏராளம்.

4. கேலிப்ரேஷன்: இங்கே நேரம் செலவழியுங்கள்

மளிகைக் கடைத் தராசில் வெறும் பாத்திரத்தை வைத்துப் பூஜ்யம் ஆக்கிவிட்டுத்தானே எண்ணெய் ஊற்றுவார்கள்? கேலிப்ரேஷனும் அதுதான். ஒட்டுக் கேபிள், அடாப்டர் எல்லாம் பாத்திரம். எந்த நுனியில் கேலிப்ரேஷன் செய்கிறீர்களோ, அந்த நுனியிலிருந்துதான் கருவி எண்ணத் தொடங்கும்.

முதலில் அலைவரிசை எல்லை. ஸ்டிமுலஸ் மெனுவில் ஸ்டார்ட், ஸ்டாப். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பெட்டியிலிருந்து வரும்போது 50 கிலோஹெர்ட்ஸ் முதல் 900 மெகாஹெர்ட்ஸ் வரை முழுதாக இருக்கும். 101 புள்ளிகள் உள்ள கருவியில் அதைப் பிரித்தால் புள்ளிக்குப் புள்ளி 9 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. 40 மீட்டர் அலைவரிசை மொத்தமும், அதாவது நம் நாட்டில் 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை, இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் காணாமல் போய்விடும். ஆண்டெனா நன்றாகவே இருக்கும், ஆனால் அது ஒத்திசையும் இடத்தில் கோடு இறங்க வேண்டிய பள்ளமே திரையில் தெரியாது. அதனால் எது வேண்டுமோ அதைச் சுற்றி மட்டும் எல்லை வையுங்கள்: 40 மீட்டருக்கு 6.5 முதல் 8 வரை, 2 மீட்டருக்கு 140 முதல் 150 வரை.

எல்லை வைத்த பிறகு கேல் மெனுவில் முதலில் ரீசெட். பழைய கணக்கு அழிந்தால்தான் புதுக் கணக்கு சரியாக ஏறும். அப்புறம் கேலிப்ரேட். ஒட்டுக் கேபிளின் நுனியில் அந்தக் குட்டிப் பெண் இணைப்பியை மாட்டி, அதில் ஓப்பன் மூடியைத் திருகுங்கள். கோடு ஒருமுறை முழுதாக ஓடி முடியும்வரை காத்திருந்து ஓப்பனைத் தொடுங்கள். அடுத்து ஷார்ட், அடுத்து லோட். லோட் மூடி மாட்டியபடியே இருக்கும்போது ஐசொலேஷன். இரண்டு வாய்க்கும் நடுவில் போகும் சிக்னலை அளக்கப் போவதில்லை என்றால், அதாவது ஃபில்டர் போன்றவற்றை அளக்கும் வேலை இல்லை என்றால், அடுத்து வரும் த்ரூவைத் தாண்டிப் போகலாம். டன் அழுத்துங்கள், பின் சேவ் 0.

0 என்ற இடத்தில் வைத்ததுதான் கருவியைப் போட்டதும் தானாக வரும். அதில் 1 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வைத்திருக்கிறேன், சும்மா ஒரு பார்வை பார்க்க. 1இல் 2 மீட்டர், 2இல் 70 சென்டிமீட்டர், 3இல் கேபிள் பழுது பார்க்க 50 கிலோஹெர்ட்ஸ் முதல் 300 மெகாஹெர்ட்ஸ். ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதிக் கருவியின் முதுகில் ஒட்டிவிடுங்கள்.

திரையின் இடது ஓரத்தில் பொடி எழுத்துகள் தெரியும். பெரிய சி என்றால் நீங்கள் கேலிப்ரேஷன் செய்த அதே எல்லையில் இருக்கிறீர்கள். சின்ன சி என்றால் எல்லையை மாற்றிவிட்டீர்கள், கருவி இடையில் உள்ளதை உத்தேசமாக நிரப்பிக் காட்டுகிறது. குறுக்கிப் பார்த்தால் பெரிதாகக் கெட்டுப்போகாது. சேமித்த எல்லைக்கு வெளியே போயிருந்தால் அந்த எண்ணை நம்பவே நம்பாதீர்கள்.

ஒவ்வோர் அலைவரிசைக்கும் ஐந்து நிமிடம் போதும். ஆனால் கருவியைப் போட்ட உடனே செய்ய வேண்டாம். ஒரு டீ குடிக்கும் நேரம் ஓடவிட்டுப் பிறகு செய்யுங்கள். ஏர்கான் அறையில் செய்துவிட்டு மத்தியான வெயிலில் கொண்டுபோய் அளப்பதும் வேண்டாம். எங்கே அளக்கப் போகிறீர்களோ அங்கேயே நிழலில் உட்கார்ந்து செய்வது நல்லது.

5. கருவி உண்மை சொல்கிறதா என்று பாருங்கள்

கேலிப்ரேஷன் முடிந்ததும் ஓப்பனை மாட்டினால் ஸ்மித் சார்ட்டில் (திரையில் தெரியும் வட்ட வரைபடத்தில்) புள்ளி வலது ஓரம் போக வேண்டும். ஷார்ட்டுக்கு இடது ஓரம். லோடுக்கு நட்டநடு. இதை எல்லோரும் சொல்வார்கள், செய்யவும் வேண்டும். மூடி தளர்ந்திருந்ததா, வரிசை மாறிவிட்டதா என்பது இதில் தெரிந்துவிடும்.

ஆனால் இது அரைச் சோதனைதான். எந்த லோடைக் காட்டி "இதுதான் 50 ஓம்" என்று சொன்னீர்களோ, அதையே மறுபடி மாட்டினால் கருவி "ஆமாம், 50 ஓம்" என்று தலையாட்டத்தானே செய்யும்? அந்த லோடே 56 ஓம் என்றாலும் நடுவில்தான் காட்டும். ஆகவே இரண்டு வேலை. ஒன்று, லோட் மூடியின் நடு ஊசிக்கும் உடம்புக்கும் இடையே மல்டிமீட்டரால் அளங்கள். 49 முதல் 51க்குள் இருக்க வேண்டும். இரண்டு, ஒரு பழைய எஸ்எம்ஏ கனெக்டரில் 100 ஓம் மின்தடையைக் கால்களை ஒட்ட நறுக்கி ஈயம் வைத்து, அதை மாட்டிப் பாருங்கள். எஸ்டபிள்யூஆர் (சிக்னல் எவ்வளவு திரும்பி வருகிறது என்று சொல்லும் எண், 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 2 காட்டினால் கருவி யோக்கியம். சில மெகாஹெர்ட்ஸில் 2 காட்டிவிட்டு மேலே போகப் போக விலகினால் அது மின்தடைக் காலின் நீளத்தால் வருவது, பயப்பட வேண்டாம். கீழேயே 1.6 அல்லது 2.5 என்று காட்டினால் கேலிப்ரேஷனை மறுபடி செய்யுங்கள். அப்போதும் மாறாவிட்டால் விற்பனையாளருக்கு அந்த வீடியோவோடு எழுதுங்கள். இரண்டு படி பொறுத்துப் பட்டனை அழுத்தச் சொன்னது இதற்காகத்தான்.

6. ஆண்டெனாவுக்கு முன் கேபிள்

நம் பக்கத்தில் பாதிப் பேர் வீட்டில் ஆண்டெனா கேபிள் என்று தொங்குவது ஆஸ்ட்ரோ சாட்டிலைட் டிவி போட்டபோது மிஞ்சிய ஆர்ஜி-6. அது 75 ஓம். அதை 50 ஓம் ஆண்டெனாவுக்குப் போட்டால் என்ன ஆகும் தெரியுமா? கேபிளின் மின்நீளம் அரை அலையாக அமைந்தால் கருவி 50 ஓம் காட்டும், எஸ்டபிள்யூஆர் 1. அதே கேபிள் கால் அலை நீளத்துக்கு வந்தால் 112.5 ஓம், எஸ்டபிள்யூஆர் 2.25. ஆண்டெனாவில் ஒன்றுமே மாறவில்லை. கேபிளில் ஒரு முழம் வெட்டினேன், எஸ்டபிள்யூஆர் இறங்கிவிட்டது என்று யாராவது பெருமையாகச் சொன்னால், முதலில் கேபிளின் மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்று கேளுங்கள். (வெளியே ஓடும் மின்னோட்டமும் காரணமாக இருக்கலாம், அது 9ஆம் படியில்.)

இழப்பை அளப்பது சுலபம். கேபிளின் தூரத்து முனையை ஒன்றிலும் மாட்டாமல் திறந்து விடுங்கள். இந்த முனையைக் கருவியில் மாட்டி எஸ்11ஐ, அதாவது திரும்பி வரும் சிக்னலை, லாக்மேக் (டெசிபெல்) வடிவில் பாருங்கள். போன சிக்னல் முழுதும் திரும்ப வேண்டும், நல்ல குட்டைக் கேபிள் என்றால் 0 டெசிபெல்லை ஒட்டி நிற்கும். கழித்தல் 6 என்று காட்டினால் போகவர 6, ஒருவழிக்கு 3 டெசிபெல். அதாவது ரேடியோ கொடுக்கும் சக்தியில் பாதி கேபிளிலேயே சூடாகிவிடுகிறது. ஆர்ஜி-58 என்றால் 145 மெகாஹெர்ட்ஸில் பதினைந்து மீட்டருக்கே கிட்டத்தட்ட இந்த இழப்பு வரும். அது கேபிளின் சுபாவம். ஆனால் ஐந்து மீட்டருக்கு இப்படிக் காட்டினால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

இதில் ஒரு பெரிய பொறி உண்டு. கெட்டுப்போன கேபிள் எஸ்டபிள்யூஆரை அழகாகக் காட்டும். மேலே சொன்ன 3 டெசிபெல் கேபிளின் மறுமுனையில் ஆண்டெனாவே இல்லாவிட்டாலும் எஸ்டபிள்யூஆர் 3க்கு மேல் ஏறாது. இன்னும் மோசமான கேபிள் என்றால் 2க்குக் கீழேயே நிற்கும். எல்லா அலைவரிசையிலும் எஸ்டபிள்யூஆர் நன்றாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் நான் கேபிளைத்தான் சந்தேகப்படுவேன்.

பழுது எங்கே என்று தெரிய வேண்டுமா? 50 கிலோஹெர்ட்ஸ் முதல் 300 மெகாஹெர்ட்ஸ் கேலிப்ரேஷனை ரீகால் செய்து, டிரான்ஸ்ஃபார்ம் மெனுவில் லோ பாஸ் இம்பல்ஸ் வைத்து, வெலாசிட்டி ஃபேக்டருக்கு (கேபிளில் சிக்னல் ஓடும் வேகம், ஒளி வேகத்தில் எத்தனை விழுக்காடு என்பது) ஆர்ஜி-58, ஆர்ஜி-213 என்றால் 66 விழுக்காடு கொடுங்கள். நுரை வகைக் கேபிளுக்கு 80ஐ ஒட்டி வரும், தயாரிப்பாளர் தாளில் போட்டிருக்கும். மேடு எழும் இடத்தில் மார்க்கரை வைத்தால் தூரம் மீட்டரில் வரும், ஒரு முழத்துக்குள் துல்லியமாக. கேபிளின் முனையே திரையில் தெரியவில்லை என்றால் கேபிள் நீளம் அதிகம் என்று பொருள். ஸ்டாப்பை 100 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கி மறுபடி கேலிப்ரேஷன் செய்யுங்கள். கருவி ஒன்பது மீட்டர் என்று காட்டிய இடத்தில் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் கறுப்பு டேப் சுற்றிய ஒரு ஒட்டு இருக்கும். டேப்பைப் பிரித்தால் செம்பு பச்சையாகப் பூத்திருக்கும்.

7. 40 மீட்டர் டைபோலை அளந்து வெட்டுவது

காலையில் வேலையை முடித்துவிடுங்கள். நம் பக்கத்து மழை மத்தியானத்துக்கு மேல் இடியோடுதான் வரும். ஏப்ரலையும் அக்டோபரையும் ஒட்டிய பருவமாற்ற மாதங்களில் சொல்லவே வேண்டாம். தூரத்தில் இடி கேட்டாலே கருவியைக் கழற்றுங்கள். இடியே இல்லாவிட்டாலும் நீளக் கம்பியில் நிலைமின்சாரம் சேர்ந்திருக்கும். மாட்டும் முன் ஒவ்வொரு முறையும் கேபிளின் நடு ஊசியையும் வெளி உடம்பையும் ஓர் உலோகத்தால் தொட்டு இறக்கிவிடுங்கள். அதே கேபிளில் ரேடியோவையும் கருவியையும் சுவிட்சு போட்டு மாற்றி வைக்கும் பழக்கம் வேண்டாம். விஎன்ஏ வெளியே அனுப்புவது ஏறக்குறைய 0.1 மில்லிவாட். தவறி 5 வாட் உள்ளே போனால் புகைகூட வராது, சும்மா செத்துப்போகும்.

நீளத்துக்குத் தோராயக் கணக்கு: 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில். 7.1க்கு 20.1 மீட்டர். ஹார்ட்வேர் கடையில் வாங்கும் வீட்டு வயரின் பிளாஸ்டிக் உறை, நீளத்தை இன்னும் சில விழுக்காடு குறைக்கச் சொல்லும். இருந்தாலும் முதலில் நீளமாகவே கட்டுங்கள்.

உதாரணத்துக்கு 20.6 மீட்டர் கட்டினீர்கள், பள்ளம் 6.90இல் தெரிகிறது என்று வையுங்கள். வேண்டியது 7.10. இப்போதைய நீளத்தை 6.90ஆல் பெருக்கி 7.10ஆல் வகுத்தால் 20.02. குறைக்க வேண்டியது 58 சென்டிமீட்டர், ஒரு பக்கத்துக்கு 29. வெட்டாதீர்கள். நுனியை மடக்கிக் கம்பியோடு கம்பியாக ஒட்டிச் சுற்றிவிட்டு, மேலே ஏற்றி மறுபடி அளங்கள். சரியாக வந்த பிறகும் மடிப்பிலேயே விட்டுவிடலாம்.

கீழே இறக்கி வைத்து அளந்தால் எண் வேறு. தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அதற்கேற்ப பள்ளம் நகரும், எனவே ஏற்றி இறக்கும் கயிறு முதலிலேயே போட்டிருக்க வேண்டும். செம்பனை மட்டையில் கம்பி உரசினால் மழை பெய்ததும் பள்ளம் கீழே இறங்கும், காய்ந்ததும் திரும்பிவிடும். மழை விட்டதும் அளந்து வெட்டினால் வெயிலில் குட்டையாக நிற்கும்.

எஸ்டபிள்யூஆர் 1.1 வர வேண்டும் என்று நாளெல்லாம் மல்லுக்கட்ட வேண்டாம். 1.5 என்றால் திரும்பி வருவது 4 விழுக்காடு. 2 என்றால் 11 விழுக்காடு. அலைவரிசை முழுக்க 2க்குக் கீழே இருந்தால் இறங்கிவந்து சாப்பிடப் போங்கள்.

அக்கம்பக்கத்தில் ஒரு கேள்வி வரும், தயாராக இருங்கள். எங்கள் லயத்துப் பாட்டி கேட்டார்: "ஏம்பா, இந்தக் கம்பி இடிய இழுத்துக்கிட்டு வந்துடாதா?" இதற்கு விளையாட்டாகப் பதில் சொல்லக்கூடாது. இடி நேரத்தில் கேபிளை வீட்டுக்கு வெளியே கழற்றிப் போடுவேன் என்று சொன்னேன், போட்டும் காட்டினேன். அப்புறம் அவரே வானம் இருட்டினால் குரல் கொடுப்பார்.

8. கைக்கருவி ஆண்டெனா

வாக்கிடாக்கியின் ரப்பர் ஆண்டெனாவை நேராக விஎன்ஏ வாயில் மாட்டி, 4 காட்டுகிறது, இது போலி என்று முடிவு கட்டாதீர்கள். அந்த ஆண்டெனா ரேடியோவின் உடம்பையும் பிடித்திருக்கும் கையையும் மறுபாதியாக எடுத்துக்கொண்டுதான் வேலை செய்கிறது. குட்டி விஎன்ஏயில் அந்த மறுபாதி வேறு. இரண்டு ரப்பர் ஆண்டெனாக்களை ஒரே மாதிரிப் பிடித்து ஒப்பிட மட்டும் இது பயன்படும்.

9. அடிக்கடி வரும் கோளாறுகள்

கேபிளைக் கையால் தொட்டால் கோடு ஆடுகிறது. இது கருவியின் கோளாறு கிடையாது. கேபிளின் வெளிப்புறத்தில் மின்னோட்டம் ஓடுகிறது, கேபிளே ஆண்டெனாவின் பாகமாகிவிட்டது. ஆண்டெனாவுக்கு அருகில் கேபிளை ஃபெரைட் வளையத்தில் சில சுற்றுச் சுற்றுங்கள், அல்லது ஒழுங்கான பாலன் (அந்த மின்னோட்டத்தைத் தடுக்கும் இணைப்பு) போடுங்கள். லேப்டாப்போடு யூஎஸ்பியில் இணைத்து அளக்கிறீர்கள் என்றால் அதைக் கழற்றிப் பாருங்கள், பல நேரம் அங்கேயே அடங்கிவிடும்.

எதை மாட்டினாலும் ஒரே கோடு. கருவியின் சிஎச்0 வாய்க்குப் பதில் சிஎச்1இல் மாட்டியிருப்பீர்கள். எஸ்11 அளப்பது சிஎச்0இல் மட்டும். அது சரியென்றால் ஸ்டிமுலஸில், கோடு ஓடுவதை நிறுத்தி வைக்கும் பாஸ் ஸ்வீப் (PAUSE SWEEP) அழுந்தியிருக்கிறதா பாருங்கள். அதுவும் இல்லையென்றால் ஒட்டுக் கேபிளை மாற்றுங்கள். கூட வரும் கேபிள்கள் கனெக்டரின் கழுத்தில் அறுந்துபோகும், வெளியே தெரியாது. மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு கழுத்தை ஆட்டிப் பார்த்தால் பிடிபடும்.

சரியாக 300 மெகாஹெர்ட்ஸில் ஒரு படிக்கட்டு. 1ஆம் படியில் சொன்ன ஹார்மோனிக் மாறும் இடம் அது. கேலிப்ரேஷனைப் புதிதாகச் செய்தால் பெரும்பாலும் மறையும்.

எஸ்எம்ஏ வாயை லேசாக அசைத்தால் கோடு துள்ளுகிறது. போர்டில் ஈயம் விட்டிருக்கிறது. சூட்டுக்கோல் பிடிக்கத் தெரிந்தவர் திறந்து வைக்கலாம். திறந்தால் உத்தரவாதம் போகும், முதலில் விற்பனையாளரிடம் கேளுங்கள்.

ஃபெர்ம்வேர் மாற்றிய பிறகு திரை வெறுமையாக இருக்கிறது. எச் கருவிக்கு எச்4 கோப்பைப் போட்டிருப்பீர்கள், அல்லது எதிர்மாறாக. உயிர் போகவில்லை. எச்4 என்றால் உருளைப் பட்டனை அழுத்தியபடி போடுங்கள், ஃபெர்ம்வேர் ஏற்றும் டிஎஃப்யூ நிலைக்குப் போகும். எச் என்றால் மூடியைக் கழற்றிப் போர்டில் பூட்0 என்று எழுதிய புள்ளியைப் பக்கத்திலுள்ள விடிடி புள்ளியோடு இணைத்தபடி போட வேண்டும். அந்த நிலையில் திரையில் ஒன்றும் தெரியாது, அது சரிதான். கணினியில் எஸ்டிஎம்32 கியூப் புரோகிராமரால் சரியான கோப்பை ஏற்றுங்கள். பிறகு டச் கேலும் எல்லாக் கேலிப்ரேஷனும் முதலிலிருந்து. எதுவும் உடையாத கருவிக்கு ஃபெர்ம்வேர் மாற்றும் ஆசை எதற்கு என்பது என் கட்சி. மாற்றியே தீருவேன் என்பவர் முதலில் கான்ஃபிக்கில் வெர்ஷனைப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

10. தாள்களும் அனுமதியும்

ஆண்டெனாவை அளந்து முடித்து ரேடியோவை மாட்டி அனுப்பத் தொடங்கும் இடத்தில் சட்டம் வருகிறது. அமெச்சூர் அலைவரிசைகளில் அனுப்ப, மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் அமெச்சூர் தேர்வில் தேறி, நிலைய அனுமதியும் அழைப்புக்குறியும் பெற்றிருக்க வேண்டும். தீபகற்பத்தில் பி வகுப்புக்கு 9டபிள்யூ2, ஏ வகுப்புக்கு 9எம்2 என்று தொடங்கும் குறிகளைக் கேட்டிருப்பீர்கள். தேர்வு நினைத்த நாளில் நடக்காது, அறிவிப்பு வந்ததும் பதிய வேண்டும். ஆண்டெனா கட்டும் வேலையை அந்தக் காத்திருப்பு நேரத்தில் வைத்துக்கொண்டால் இரண்டும் ஒன்றாக முடியும். அடையாள அட்டை நகல், தேர்வுச் சான்றிதழ், கருவி வாங்கிய ரசீது மூன்றையும் ஸ்கேன் செய்து கைப்பேசியில் வையுங்கள்.

தோட்டத்து வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு தாளும் உண்டு. வீடு நிர்வாகத்துடையது, கம்பி கட்டப் போகும் மரமும் நிர்வாகத்துடையது. வாய்ச்சொல்லை நம்பாமல் மேனேஜருக்குக் கடிதம் கொடுங்கள். எந்த வீடு, கம்பி எத்தனை மீட்டர், எந்த இரண்டு இடங்களுக்கு நடுவில், மின்கம்பியிலிருந்து எவ்வளவு தள்ளி என்று ஒரு சிறு வரைபடத்தோடு. மின்கம்பி பக்கம் போகவே கூடாது, கம்பி அறுந்து விழுந்தாலும் அதைத் தொடாத தூரத்தில் இருக்க வேண்டும். மரத்தில் ஆணி அடிக்க மாட்டேன், குலை வெட்டுகிறவர்கள் நடக்கும் பாதையில் தலைக்கு மேல் இத்தனை உயரம் விடுவேன் என்றும் ஒரு வரி சேருங்கள். கிராணியிடம் கொடுக்கும்போது நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். மேனேஜர் தலைமை ஆபீசைக் கேட்க வேண்டி வந்தால் சில வாரம் இழுக்கும். பதில் வந்ததும் அதன் நகல் ஒன்றை ஜாகாவிடமும் (காவலாளியிடமும்) கொடுத்துவையுங்கள். சனிக்கிழமை காலையில் நீங்கள் மரத்தடியில் கயிறும் கருவியுமாக நிற்கும்போது முதலில் விசாரிக்க வருகிறவர் அவர்தான்.